நகம் கடிக்கும் பழக்கத்தை விடுவது எப்படி?

நகம் கடிப்பவர் பெரும்பாலும் அதை அறிந்து செய்வதில்லை. பாடப் புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கையில் விரல் தானாக உதட்டுக்குப் போய்விடுகிறது, சதை எரிந்த பிறகுதான் நினைவு வருகிறது. ஆகவே 'கடிக்காதே' என்ற அதட்டலால் பயனில்லை. குழந்தைகளை அதட்ட வேண்டாம் என்று பெற்றோரை மனமார வேண்டுகிறேன்.

முதல் வேலை கவனிப்பது. ஒரு வாரத்துக்கு, கை வாய்க்குப் போகும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், மனநிலை ஆகியவற்றைச் சிறு தாளில் குறித்து வையுங்கள். கடிப்பதற்கு முன் நிகழ்வதையும் உற்றுப் பாருங்கள்: சிலருக்குக் கட்டைவிரல் முதலில் மற்ற நகங்களின் ஓரத்தைத் தடவும், சொரசொரப்பான முனை ஒன்று தட்டுப்பட்டதும் அந்த விரல் பல்லுக்குப் போகும். அந்தத் தடவல்தான் நீங்கள் பிடிக்க வேண்டிய கணம்.

அக்கணத்தில் கையை மென்மையாக மூடி, உந்துதல் அடங்கும்வரை ஓரிரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மூடிய கையால் நகத்தைக் கடிக்க இயலாது என்பதே இதன் சூட்சுமம். 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரின், கிரிகரி நன் ஆகியோர் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சியின் மையமும் இத்தகைய எதிர்ச்செயலே. சொரசொரப்பைத் தேய்த்துவிட நக அரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேப்பெண்ணெய் தடவுவது நினைவூட்டலாக உதவலாம். அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள். இடையில் தவறிக் கடித்துவிட்டால், அதையும் தாளில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

நகக்கண் சிவந்து வீங்கிச் சீழ் கட்டினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.