இன்ஜின் போன ஹெரால்டை வாங்கலாமா?

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பினார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை, தேங்காய் மட்டைக் குவியலை ஒட்டி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு (மெட்ராஸில் செய்த பழைய கார்), நான்கு டயரிலும் காற்று இல்லை, மேலே கோழி ஏறி நிற்கிறது. கூடவே ஒரு வரி: "இன்ஜின்ல சின்ன வேலைதானாம், எடுக்கலாமா?"

இதே கேள்வி ஆம்பாஸிடருக்கும் வரும், பத்மினிக்கும் வரும். நான் புழங்கியது ஹெரால்டில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். சின்ன வேலை என்றால் கார்புரேட்டர் அடைப்பிலிருந்து பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் உடைந்தது வரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் இன்ஜினைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். நான் வாங்கிய முதல் ஹெரால்டில் இன்ஜின் அருமை, ஒரே செல்ஃபில் எடுக்கும், அந்தச் சத்தத்தில் மயங்கி அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருந்தது, அவருக்கு ஐந்து வாரிசுகள், அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்ற நால்வருக்கும் தெரியாது. அந்த வண்டி இன்னும் என் பெயருக்கு வரவில்லை. அடுத்து வாங்கியதோ இன்ஜின் பிடித்துப்போய், அதாவது சுற்றாமல் இறுகிப்போய், லாரியில் வந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க நான் எடுத்துப் போவது அதைத்தான்.

ஆகவே முதலில் பேப்பர். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்துப் போட வருவாரா? உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். இறந்திருந்தால் முதலில் படிவம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற்றி, அப்புறம்தான் உங்களுக்கு. வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கட்டாயம். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், விட்டுப்போன காலத்துக்கு மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், பசுமை வரி தனி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில வண்டிகளில் இன்ஜின் வேலையைவிட பேப்பர் வேலைக்குத்தான் அதிகம் ஆகும்.

இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் பார்த்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். எப்போதோ பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றி, அதை ஆர்.டி.ஓ.வில் ஏற்றாமலே ஓட்டிய வண்டிகள் நம் ஊரில் நிறைய. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும், சேஸிஸையோ இன்ஜினையோ மாற்றியிருந்தால் சிக்கல். தினசரி ஓட்டவும் அனுமதி இல்லை, ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக, அவ்வளவுதான். கடைவீதிக்கு எடுத்துப் போகிற ஆசை இருந்தால் சாதாரணப் புதுப்பிப்புதான் உங்களுக்கு.

பேப்பர் சரி என்றால் வண்டிக்கு அடியில் படுங்கள். ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, பாடி தனி, பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும் சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினதுபோல இரும்புகள் வரும், பாடி அதன்மேல்தான் நிற்கிறது. துரு பிடிப்பதும் அங்கேதான். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், தகரம் பப்படம் மாதிரி உதிர்ந்தால் எழுந்து வந்துவிடலாம், புதுத் தார் பூசி மறைத்திருந்தால் இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில் ட்ரனியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதற்கு ஊற்ற வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். பல வருடம் வறண்டு ஓடியிருந்தால் உள்ளே தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். இது இன்ஜினைவிட முக்கியம், ஆனால் எந்த விற்பனையாளரும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது இன்ஜின். ஹெரால்டில் ஒரு சுகம், பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 948 சி.சி., நான்கு சிலிண்டர், பிளாக்கும் (இன்ஜினின் உடல்) ஹெட்டும் (அதன் மூடி) வார்ப்பிரும்பு. எலெக்ட்ரானிக்ஸ் என்று எதுவுமே கிடையாது. இதில் சரிசெய்ய முடியாத பழுது மிகக் குறைவு, அந்தக் குறைவான பழுதுகளைக் கண்டுபிடிக்கத்தான் நீங்கள் போகிறீர்கள்.

"ஸ்டார்ட் ஆகலை" என்று சொல்லும் வண்டிகளில் பாதிக்கு இன்ஜினில் கோளாறே இருக்காது. வருடக்கணக்கில் நின்ற பெட்ரோல் டேங்கில் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும், டெல்கோவில் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்ட் பூத்திருக்கும், இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் ஊறிப்போயிருக்கும். கையோடு ஒரு சின்ன கேனில் புதுப் பெட்ரோலும், நான்கு பிளக்கும், ஒரு பேட்டரியும் எடுத்துப் போனால் இது உண்மையா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

ஓடுகிற வண்டி என்றால், நீங்கள் போவதற்குமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அவர் ஏதோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜினை எடுக்கும்போது ஒரு விநாடி நீலப் புகை வந்து நின்றால் வால்வ் கைடு தேய்மானம், பயப்பட வேண்டாம். ஓட ஓட நீலப் புகை நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, கார்புரேட்டர் வேலை. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் காபி நுரை மாதிரி ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, கெட்ட நேரமென்றால் ஹெட்டே விரிசல் விட்டிருக்கும். ஆயில் மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், குபுகுபுவென்று காற்று அடித்தால் அதைத்தான் பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், ரிங், சிலிண்டர் தேய்ந்ததற்கு அடையாளம்.

மூக்கு, காது கணக்கோடு நிற்காமல் கம்ப்ரஷன் டெஸ்டர் ஒன்று கொண்டுபோய் அளந்துவிடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். எவ்வளவு வருகிறது என்பதைவிட நான்கும் ஒன்றுபோல வருகிறதா என்பதுதான் பேச்சு. ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டு சேர்ந்து இறங்கினால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் கிழிந்திருக்கிறது. வால்வ் என்று வந்தால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், அப்படியே வால்வ் உட்காரும் இடத்துக்குக் கெட்டியான சீட் போடச் சொல்லிவிடுங்கள், ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுவிட்டதால் பழைய சீட் மெல்லத் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

சத்தத்துக்கு வருவோம். மேலிருந்து வரும் டிக் டிக் டேப்பட், அது கிடக்கட்டும். அடியிலிருந்து, ஆக்ஸிலரேட்டரை விடும்போது டக் டக் என்று கனமாக வந்தால் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்துப் பேரிங்) தேய்ந்திருக்கிறது. நன்றாகச் சூடான பின் ஐடிலில் ஆயில் விளக்கு சிமிட்டினாலும் அதே கதைதான், கிராங்க் தேய்ந்திருக்கிறது.

இனிச் சொல்வதை ஹெரால்டு பார்க்கப் போகிற எல்லாரும் செய்தே ஆகவேண்டும். இன்ஜின் ஓடக்கூட வேண்டியதில்லை. ஒருவரை உள்ளே உட்கார வைத்து கிளச்சை மிதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கிளச்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படும், அதைத் தாங்க பின்பக்க மெயின் பேரிங்கில் அரைவட்ட வாஷர்கள் இரண்டு இருக்கின்றன. புல்லி கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தால் சரி, கணக்குப்படி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குதான் அசையலாம். மிதிக்க மிதிக்க புல்லி வெளியே வந்து உள்ளே போவது கண்ணுக்கே தெரிந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது, சில சமயம் கழன்று கீழே சம்ப்பிலேயே (ஆயில் தொட்டி) கிடக்கும். அதற்குப்பிறகும் ஓட்டியிருந்தால் கிராங்க் நேரடியாக பிளாக்கின் இரும்பைத் தின்ன ஆரம்பித்திருக்கும். ரிங் போனால் ரிங் போடலாம், சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து போர் பண்ணலாம், பிளாக்கைத் தின்றுவிட்டால் வேறு பிளாக் தேட வேண்டும். அதைத் தேடி அலைவதற்குள் ஆசையே விட்டுப்போகும்.

இன்ஜின் பிடித்துப்போன வண்டி வேறு ரகம். டாப் கியரில் போட்டுத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் இழுபட்டால் பிடித்திருக்கிறது. உடனே செல்ஃப் அடிக்கவோ இழுத்து ஸ்டார்ட் பண்ணவோ விடாதீர்கள். பிளக் ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் பல சமயம் விட்டுக்கொடுக்கும். நின்றபடியே துருப்பிடித்துப் பிடித்ததா, ஓட்டத்தில் ஆயில் இல்லாமல் பிடித்ததா என்று கேளுங்கள். முன்னது தேவலை. என் வண்டி நின்று பிடித்ததுதான், மூன்றாம் நாள் காலையில் ஒரு 'கிளுக்' சத்தத்தோடு சுற்றியது, அந்தச் சத்தத்துக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்ஜினை இறக்க வேண்டி வந்தால் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர்களை நம்பலாம். நான் கிராங்க்கைக் கொண்டுபோய் வைத்தபோது அங்கிருந்த பெரியவர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது ஏற்கெனவே இருபது அண்டர்சைஸுங்க, இன்னொரு தடவைதான் சாண பிடிக்கலாம்" என்றார். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு ஏற்கெனவே தேய்த்துக் குறைத்தாயிற்று என்று அர்த்தம். இதுதான் நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: இதுவரை எத்தனை முறை போர் பண்ணியிருக்கிறது, கிராங்க் எத்தனை முறை சாணை பிடித்திருக்கிறது? சிலிண்டர் ஏற்கெனவே நாற்பது ஓவர்சைஸ் என்றால் இனி உள்ளே ஸ்லீவ் என்ற குழாயைப் போட்டு ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவருவதுதான் வழி.

பாகத்துக்கு வருவோம். நம் ஹெரால்டின் மூலமான டிரயம்ப் ஹெரால்டு, அதன் உறவான ஸ்பிட்ஃபயர் இவற்றின் பாகம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது, வரவழைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அங்கே 1961-லேயே 1147 சி.சி.க்கும் 1967-ல் 1296 சி.சி.க்கும் போய்விட்டார்கள், மெட்ராஸில் செய்த ஹெரால்டு மட்டும் கடைசிவரை 948-லேயே நின்றது. பாடி, சஸ்பென்ஷன் சாமான் பல பொருந்தும், பிஸ்டன் போன்றவற்றுக்கு 948 என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். உள்ளூரில் சென்னைப் புதுப்பேட்டையில், கோவை உக்கடத்தில் பழைய ஸ்டாண்டர்டு டென், பெனன்ட் இன்ஜின் கிடந்தால் விடாதீர்கள், அவையும் இதே 948. வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் பிஸ்டன் செட்டும் பேரிங் செட்டும் எங்கே கிடைக்கும் என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

விலை பேசும்போது நான் ஒரே கணக்குதான் போடுவேன். இன்ஜின் முழு வேலை என்றே வைத்துக்கொள்வது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. போர், பிஸ்டன், பேரிங், கிராங்க், ஹெட், கிளச் எல்லாவற்றுக்கும் லேத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதன் மேல் பாதியைச் சேர்த்து, பேப்பர் செலவைக் கூட்டி, அதே மாதிரி ஓடுகிற நல்ல ஹெரால்டின் விலையிலிருந்து கழித்தால் மிச்சம் வருவதுதான் நீங்கள் கொடுக்கும் தொகை. பெரும்பாலும் விற்பவர் கோபப்படுவார். கோபப்படட்டும், நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், மழைக்காலம் முடிந்ததும் அவரே கூப்பிடுவார். ஓடுகிற நல்ல வண்டியே அதற்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறதென்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், ரிப்பேர் பார்ப்பதில் உங்களுக்கே ஒரு ருசி இருந்தால் ஒழிய.

பொள்ளாச்சி வண்டிக்குப் போன ஞாயிறு போய்வந்தோம். பேப்பர் விற்பவரின் அப்பா பெயரில், அவர் திண்ணையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சேஸிஸ் கெட்டி. கிளச்சை மிதித்தால் புல்லி கிட்டத்தட்ட ஒரு தீக்குச்சி கனம் வெளியே வருகிறது. நண்பர் முகம் வாடிவிட்டது. சம்ப்பைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம், வாஷர் மட்டும் போயிருந்தால் வாங்குவார், பிளாக்கில் கோடு விழுந்திருந்தால் அந்தக் கோழியிடமே விட்டுவிடுவார்.