எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் கடும் ரத்தசோகை: மாத்திரை பலிக்காதபோது என்ன செய்வது?

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகள் கழித்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவதும், ஐஸ் கட்டியையோ பச்சரிசியையோ மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவதும் தொடங்கினால், அதை இளைத்ததால் வந்த அசதி என்று தள்ளிவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அது கடும் ரத்தசோகை. அதோடு நெஞ்சுவலி, மயக்கம், படுத்திருக்கும்போதும் அடங்காத படபடப்பு, ரத்த வாந்தி, தார்போல் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும். அளவு 7-க்குக் கீழே இறங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தம் ஏற்ற நேரிடும்.

முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) விடாமல் சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லையே என்று பலர் நொந்துகொள்கிறார்கள். குறை கீரையில் இல்லை. இரும்புச்சத்தை அதிகமாக உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. எடைக்குறைப்புக்கான இரைப்பை பைபாஸ் அறுவையில் உணவு அந்தப் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடுகிறது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவையில் பாதை மாறாவிட்டாலும், இரும்பைக் கரைத்துக் கொடுக்கும் அமிலம் குறைந்துவிடுகிறது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த வகை அறுவை, எந்த ஆண்டு நடந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுவது நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது அரைகுறை வேலை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், வைட்டமின் பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உடலில் அழற்சி இருந்தால், இரும்பு தீர்ந்துபோன நிலையிலும் ஃபெரிட்டின் சரியாக இருப்பதுபோலக் காட்டும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோலத் தெரியும், நரம்புகளோ உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். முடி உதிர்கிறதென்று யாரையும் கேட்காமல் துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொள்பவர்கள் செம்புச் சத்தின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாகம் மிகுந்தால் செம்பு குறையும். செம்பு குறைந்தாலும் ரத்தசோகை வரும்.

ரத்தம் எங்காவது கசிகிறதா என்பதையும் தேடியாக வேண்டும். மாதவிடாயில் அதிகப் போக்கு உள்ள பெண்கள் மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையும் குடலும் இணைத்துத் தைத்த இடத்தில் புண் வரலாம். புகைப்பழக்கமும், மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும் அதற்கு வழிவகுக்கும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை நாமே முடிவுசெய்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

மாத்திரை சாப்பிடும்போது அட்டையில் எலிமென்டல் அயர்ன், அதாவது மருந்தில் உள்ள நிஜ இரும்பு, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் உள்ள இரும்பு 65 மில்லிகிராம்தான். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. டீ, காபியோடு சேர்த்து விழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். குடலில் மெல்லக் கரையும்படி மேற்பூச்சு இட்ட மாத்திரைகள் இவர்களுக்குப் பொதுவாக ஏற்றவை அல்ல.

இத்தனை செய்தும் ஓரிரு மாதத்தில் அளவு ஏறவில்லை என்றாலோ, தொடக்கத்திலேயே ரத்தசோகை கடுமையாக இருந்தாலோ, மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. குடலைச் சுற்றிவிட்டு நேராக ரத்தத்தில் சேரும் இரும்பு டிரிப்ஸ் பற்றிக் கேட்க வேண்டும். அயர்ன் சுக்ரோஸ் என்றால் தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம் பல முறை போக வேண்டியிருக்கும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே அமர்வில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். பாட்டிலில் அது டிகாஷன் நிறத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். தோலுக்குள் கசிந்தால் பழுப்புக் கறை நெடுநாள் போகாது. முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வாமை அரிதாக வந்தாலும் வேகமாக வரும். கார்பாக்ஸிமால்டோஸ் ஏற்றிய சில வாரங்களில் எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் கண்டால் பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டிரிப்ஸ் முடிந்த மறுவாரமே ஃபெரிட்டினைப் பரிசோதித்தால் பொய்யான உயரம் காட்டும். குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அளவு சரியானபின்பும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதனை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் காத்திருந்து, இரும்பையும் பி12-ஐயும் ஃபோலேட்டையும் முதலில் நிரப்பிக்கொள்வது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.