கடலரிப்புக்குத் தடுப்புக் கேட்டு மனு எழுதும் முன்

கடல் மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் கடலூர், புதுச்சேரிக் கரையோர ஊர் ஒன்று கருங்கல் சுவரோ, கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவோ கேட்டு மனுக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தடுப்பால் எந்த ஊரின் கரை கரையும் என்பதை விசாரித்த பிறகே மனு எழுத வேண்டும்.

இக்கரையில் மணல், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், மணல் தெற்கே தேங்கியது. புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு வடக்கே தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. ஆகவே வடக்கே உள்ள குப்பங்களின் பஞ்சாயத்தாரை முதலில் அழைத்து, திட்ட வரைபடத்தை அவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அவர்கள் ஒப்பாத கற்சுவரைக் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. துறைமுக வாயிலில் சேரும் மணலை எடுத்து வடகரையில் இடும்படி கேட்பது அதைவிட நேர்மையான வழி. அது ஆண்டுதோறும் தொடர வேண்டிய வேலை என்பதையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

“புகை விட்டது பணக்கார நாடுகள்தானே, நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். அவர் கேட்பது நியாயமே. நாடுகளின் பொறுப்பு வெவ்வேறு அளவினது என்று 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையே ஏற்கிறது. காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்பு, சேதத்துக்கான நிதியம் அமைக்க 2022இல் உலக நாடுகள் ஒப்பின. ஆனால் பணக்கார நாடுகள் பட்ட அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியவர்கள் வடக்குக் குப்பத்தார் அல்லர்.

ஊர்ப் பஞ்சாயத்துக்குக் குடும்பவாரியாகத் தலைக்கட்டு வரி கட்டும் ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்தால் போதாது. மீன் விற்கும் பெண்களும் படகில்லாத கூலிகளும் பேசும்படி, தமிழகப் பகுதியில் கிராம சபையிலும் தீர்மானம் வையுங்கள். நிவாரணப் பட்டியலிலும் இதே கவனம் தேவை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. பட்டாவையும் மரத்தையும் மட்டும் கணக்கெடுத்தால், கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்தவர்களின் இழப்பு எந்தத் தாளிலும் ஏறாது. அவர்கள் பெயர்களை வீடுவீடாகக் கேட்டு, அடுத்த புயலுக்கு முன்பே எழுதி வையுங்கள்.

மனுவின் கடைசிப் பத்தியில், கட்டுமானத்துக்குப் பின் இரு ஊர்க் கரைகளையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்றும், வடகரை தேய்ந்தால் திருத்தும் செலவு திட்டத்திலேயே சேர வேண்டும் என்றும் கோரி, இரு ஊராரும் கையொப்பமிடுங்கள்.