கடைப் பேருக்கு டொமைன் வாங்கறது எப்படிங்க?

பவானியில ஜமக்காளக் கடை வெச்சிருக்கற எங்க மாமன் வெப்சைட் போட்டாருங்க, சைட் செஞ்சு குடுத்தவரு டொமைனை, அதாவது அந்த சைட்டைத் தொறக்க அடிக்கற பேரை, தன்னோட மெயில்லயே பதிஞ்சுட்டாரு, அப்புறம் அவரு நம்பரை மாத்திட்டுப் போனதும் ரினியூ பண்ண வழியில்லாம பேரே கைய விட்டுப் போயிருச்சு. போர்டு, பில் புக்கு, பை எல்லாத்துலயும் அந்தப் பேருதான் அடிச்சு வெச்சிருந்தாரு. அதனால புதுசா வாங்கறவிங்களுக்கு ஒன்னொன்னா சொல்றனுங்க.

மொதல்ல பேரு. நம்மளுக்கு இதுலதான் சிக்கலே, தமிழ்ப் பேரை இங்கிலீஷ் எழுத்துல ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவோம். பவானிக்கு பி-யோட ஹெச் சேருமா சேராதா, ஜமக்காளத்துல கே ஒன்னா ரெண்டா, ளாவுக்கு ஏ ஒன்னா ரெண்டா, இதுலயே ஒரே பேரு எட்டு விதமாயிருதுங்க. அதனால நாலஞ்சு பேரை எழுதி வெச்சுக்கிட்டு அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ போன் போட்டு வாயால மட்டும் சொல்லி, அதை இங்கிலீஷ்ல அடிச்சு வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க, மூணு பேரு ஒரே மாதிரி அனுப்புனா அந்தப் பேரையே எடுத்துக்கோங்க. நடுவுல கோடு, நம்பர் எல்லாம் வேண்டாம், போடலாம்தான், ஆனா ஒவ்வொருத்தருகிட்டயும் அதைத் தனியா வெளக்கிட்டே இருக்கணும். 63 எழுத்து வரைக்கும் விடுவாங்க, 15 தாண்டுனாலே எனக்கு நீளமாத் தெரியும்.

டாட் காம் கெடைச்சா சரி, இல்லைன்னா டாட் இன், அது நம்ம நாட்டோடதுதான், நிக்ஸிங்கற அமைப்பு பார்த்துக்குது. முழுக்கத் தமிழ் எழுத்துலயே வேணும்னா டாட் இந்தியாவும் இருக்குது.

விக்கறவங்களுக்கு ரெஜிஸ்ட்ரார்னு பேரு, கோடாடி, நேம்சீப் மாதிரி. அவங்க சைட்ல பேரை அடிச்சா காலியா இருக்குதான்னு காட்டும். மொத வருச வெலையைப் பார்த்து மயங்காதீங்க, ரினியூவல் வெலை எவ்வளவுன்னு பாருங்க, வருசா வருசம் குடுக்கப்போறது அதைத்தான். கேக்காமயே ஹோஸ்டிங் (சைட்டை வெக்கறதுக்கான எடம்), மெயில்னு வாங்கற பட்டியல்ல ஏறியிருந்தா எடுத்துருங்க, அதெல்லாம் பொறவு பார்த்துக்கலாம்.

இப்ப சொல்றதுதான் முக்கியமுங்க. அக்கவுண்ட் உங்க மெயில்ல, உங்க போன் நம்பர்ல, ஓனர்ங்கற எடத்துல உங்க பேருல இருக்கணும். சைட் செய்யறவரு ஒறம்பரையே ஆனாலும் பாஸ்வேர்டைக் குடுக்காதீங்க, நேம்சர்வர் (இந்தப் பேருக்கு சைட் எங்க இருக்குதுன்னு காட்டறது) மாத்தணும்னு கேட்டா என்ன போடணும்னு வாங்கிக்கிட்டு நீங்களே உள்ள போயி போட்டுருங்க. டாட் காம் வாங்குனதும் மெயிலைச் சரிபார்க்க ஒரு லிங்க் வரும், ஸ்பாம்லயும் தேடுங்க, 15 நாளைக்குள்ள அழுத்தலைன்னா பேரை நிறுத்தி வெச்சிருவாங்க.

ஆட்டோ ரினியூவல் போட்டாலும் கார்டு காலாவதியாச்சுன்னா காசு போகாது, தோதுப்பட்டா சேர்த்துக் கட்டிருங்க, 10 வருசம் வரைக்கும் கட்டலாம். தவறி டாட் காம் பேரு அழிஞ்சாலும் ரிடெம்ப்ஷன்னு 30 நாள் தவணை இருக்குது, எச்சாக் காசு கட்டி மீட்டுக்கலாம், ஆனா அது யாரு பேருல பதிவு இருக்குதோ அவராலதான் ஆகும், மாமனுக்கு அங்கதான் கை கட்டிப் போச்சு. இப்ப வேற பேரை அவரே அவரு மெயில்ல வாங்கி, முடியற தேதியைக் கல்லாப்பெட்டி மேல எழுதி ஒட்டி வெச்சிருக்காருங்க.