வீட்டில் அடி விழும்போது பிள்ளைகளைக் காப்பது எப்படி: வேலூர்ப் பகுதி அம்மாக்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்

பிள்ளை தூங்கிவிட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. ஒரு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இருக்கும் லைன் வீட்டில் எந்தப் பிள்ளையும் அப்படித் தூங்குவதில்லை. வாசலில் பைக் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று ஆறு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும். எழுந்து டிவியை நிறுத்தும். தங்கையை இழுத்து மூலையில் உட்கார வைக்கும். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு வரி படிக்காது. தெருவில் அதற்கு "அமைதியான பிள்ளை" என்று பேர். உண்மையில் அந்தப் பிள்ளை காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

"பிள்ளைங்க முகத்தப் பாத்துப் பொறுத்துக்கோ" என்பார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் வேறு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும். அம்மாவின் பாதுகாப்பும் பிள்ளையின் பாதுகாப்பும் தனித்தனி இல்லை. இந்தக் காவல் வேலையைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்குவதே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எந்த வயதில் எப்படித் தெரியும்

கர்ப்ப காலத்தில் அடி விழுந்தால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு அழும். பால்வாடிக்குப் போகும் வயதில், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வரும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை திக்கும், அம்மாவின் சேலையை விடாது. பள்ளி வயதில் காலையில் வயிற்றுவலி, தலைவலி. டாக்டரிடம் காட்டினால் ஒன்றும் இல்லை என்பார், ஆனால் வலி பொய்யில்லை. அம்மாவைத் தனியே விட்டுப் போகும் பயம்தான் அப்படி வெளிப்படுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டில் ஒன்று நடக்கும்: அப்பாவைத் தடுக்க நடுவே பாய்வார்கள், அல்லது வீட்டுக்கே வராமல் வெளியே சுற்றுவார்கள். படிப்பை விட்டு ஷூ கம்பெனிக்கோ தோல் ஷாப்புக்கோ வேலைக்குப் போவதும், பெண் பிள்ளை என்றால் "இந்த வீட்டை விட்டுப் போனால் போதும்" என்று சின்ன வயதிலேயே கல்யாணத்துக்குத் தலையாட்டுவதும் இந்த வயதில்தான். 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு எடுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: பிள்ளைக்கு அடிபடுவது எப்போதும் அதைக் குறிவைத்து அடிப்பதால் அல்ல. இடுப்பில் இருக்கும்போது அம்மாவுக்கு விழும் அடி அதன்மேல் படுகிறது, அல்லது எறிகிற சாமான் படுகிறது. சண்டை தொடங்கினால் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொள்ளத்தான் மனசு சொல்லும். முடிந்தவரை செய்யாதீர்கள். கைக்குழந்தையை எட்ட இருக்கும் தொட்டிலிலோ, பெரிய பிள்ளையின் கையிலோ விட்டு, நீங்கள் விலகி நில்லுங்கள்.

சண்டை தொடங்கும் நேரத்துக்கு

முதலில் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சமையல்கட்டு கூடவே கூடாது. அங்கே அரிவாள்மணை, கத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாத்ரூமிலும் ஒளியக் கூடாது, வெளியேற வேறு வழி கிடையாது. மொட்டை மாடி இரண்டையும்விட மோசம். வாசலுக்குப் பக்கமாக இருங்கள். கதவின் மேல் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாது. கீழே ஒரு தாழ்ப்பாள் போட்டு, இரவில் அதை மட்டும் போடுவதை வழக்கமாக்குங்கள்.

பிறகு ஒரு சங்கேத வார்த்தை. "கடைக்குப் போயி பால் பாக்கெட் வாங்கிட்டு வா" என்பது நல்ல வார்த்தை, யாருக்கும் சந்தேகம் வராது. அதைக் கேட்டதும் பிள்ளை கடைக்குப் போகாமல், பேசி வைத்திருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் இரவு 11 மணிக்கு எந்தக் கடையும் இருக்காது. அந்த நேரத்துக்கு வேறொன்று வேண்டும்: "பாட்டிக்குப் போன் போட மறந்துட்டேன்" என்பது போல. இரண்டையும் பகலில், சாதாரணமாக இருக்கும்போது, விளையாட்டுப் போல நாலைந்து முறை நடத்திப் பாருங்கள். பயத்தில் பிள்ளைக்கு யோசனை வராது, பழகிய கால்தான் நடக்கும்.

போன் செய்யவும் பழக்குங்கள். லாக் ஆன போனிலும் அவசர அழைப்பு போகும். எண் 112. பேர், தெரு, அடையாளம்: "பேர்ணாம்பட்டு ரோட்டுல, தண்ணி டேங்குக்குப் பின்னாடி, பச்சைக் கதவு வீடு." வெளியே போய்ப் பேச வேண்டும், அப்பா கண் முன்னால் போனை எடுக்கக் கூடாது. எதிர்முனையில் பேசுபவர் சொல்லும் வரை கட் பண்ணக் கூடாது.

எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகு, பிள்ளையின் கண்ணைப் பார்த்து இதையும் சொல்லுங்கள்: "அம்மாவக் காப்பாத்துறது உன் வேலை இல்ல கண்ணு. நடுவுல வரக் கூடாது. வெளிய போறதுதான் உன் வேலை. இதுல உன் தப்பு எதுவும் இல்ல." இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். தான் மார்க் குறைவாக வாங்கியதால்தான் சண்டை வந்தது என்று நம்பும் பிள்ளைகள் நிறைய.

பக்கத்து வீட்டாருக்கு

சத்தம் கேட்டால் கதவைத் தட்டி "மோட்டார் போடுங்க, தண்ணி வரல" என்று கேட்டாலே அந்த நேரத்து அடி நிற்கக்கூடும். உள்ளே போய்ப் பஞ்சாயத்துப் பண்ண வேண்டாம், நீங்கள் போன பிறகு அது அவள் தலையில் விடியும். ஆயுதம், மண்ணெண்ணெய், பெட்ரோல், கழுத்தை நெரிப்பது, இதில் ஏதாவது தெரிந்தால் தட்டாமல் நேரே 112. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவே சொல்கிறது.

கிளம்பும் பை

வெளியேறும் நாளும் அதையடுத்த சில வாரங்களும்தான் மிகவும் ஆபத்தானவை. "நான் போறேன்" என்று சண்டையில் சொல்லிவிடாதீர்கள். கணவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரம்தான் கிளம்ப ஏற்றது. சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம், அவர்களால் ரகசியத்தைச் சுமக்க முடியாது. சுமக்க வைக்கவும் கூடாது.

பையை வீட்டில் வைக்காதீர்கள். வேலை செய்யும் இடத்திலோ, அவருக்குப் பழக்கமில்லாத தோழி வீட்டிலோ வையுங்கள். அம்மா வீடு வேண்டாம், அவர் முதலில் தேடி வருவது அங்கேதான். உங்கள் ஆதார், பிள்ளைகளின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பாஸ்புக். அசலை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் ஜெராக்ஸ் போதும். பழைய அடியின் மருத்துவச் சீட்டு இருந்தால் அதுவும். ஆளுக்கு இரண்டு செட் துணி, ஆஸ்துமா, வலிப்பு மாதிரி தினமும் போடும் மருந்து ஒரு வாரத்துக்கு, ஒரு சாவி. பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியோ பொம்மையோ இருந்தால் மறக்காதீர்கள். அது இல்லாமல் முதல் இரவு தூங்க வைப்பது பெரும்பாடு.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், 5 வயது வரை குழந்தைக்கும் கட்டணம் இல்லை. அதற்கு மேல் வயதுள்ள பையனுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே, ஆட்டோ ஆப் எதுவும் வேண்டாம், தடம் விட்டுவிடும். போனில் லொகேஷன் ஷேரிங் நிறுத்தியிருக்கிறதா, கூகுள் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரும் கணக்கின் ஏடிஎம் கார்டு அவரிடம் இருந்தால், வெளியே வந்த அன்றே அதை முடக்கிப் புதுக் கார்டு கேளுங்கள்.

போக இடம் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181. 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்டந்தோறும் இருக்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம், அதன் பிறகு பெண்கள் தங்கும் இல்லத்துக்கு அனுப்பி வைப்பார்கள். வளர்ந்த பையன்களை உடன் சேர்ப்பதில் வயது வரம்பு உண்டு. மகனின் வயதைப் போனிலேயே சொல்லிக் கேட்டுவிடுங்கள். வாசலில் போய் நின்று பிள்ளையைப் பிரிக்க வேண்டி வந்தால் எல்லாரும் உடைந்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில்

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் டாக்டர் அதைத்தான் எழுதுவார். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் படித்துக் காட்டுவது அந்த வரியைத்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும், யார், எதனால், எங்கே அடித்தார் என்று உள்ளபடி சொல்லி, ஏ.ஆர். பதிவு (ஆஸ்பத்திரியின் விபத்து, காயப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் பட்டிருந்தால் அதற்குத் தனிப் பதிவு.

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழவில்லையென்றாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. குழந்தையைப் பிடித்து உலுக்கியிருந்தால் வெளியே காயமே தெரியாமல் போகலாம். சோர்ந்து கிடப்பது, பால் குடிக்காதது, மூச்சு சீராக இல்லாதது, இவைதான் அடையாளம். கழுத்தை நெரித்திருந்தால் தடம் இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். குரல் மாறுவதும் விழுங்க முடியாததும் மணிக்கணக்கில் கழித்துக்கூட வரலாம். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவர் பின்னால் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதன் பிறகும் அந்த வீட்டில் பொறுத்துப் போகச் சொல்பவர் யாரானாலும் கேட்காதீர்கள்.

ஸ்டேஷன், கோர்ட்

இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம். ஒன்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார். கணவனோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு. "உங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். இங்கே வழக்கமாகக் கோளாறாவது எங்கே என்றால், இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எழுதி வாங்கி, அன்றே பிள்ளைகளோடு அதே வீட்டுக்கு அனுப்புவதில்தான். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பிள்ளையை அடித்ததைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அதற்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 75ஆம் பிரிவு இருக்கிறது. பாலியல் தொந்தரவு என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்). தெரிந்தவர் யாரும் மறைக்கக் கூடாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்று மேலே சொன்ன 2005 குடும்ப வன்முறைச் சட்டம். இதற்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, எந்த மதத்தாருக்கும் பொருந்தும். பாதுகாப்பு அலுவலரிடம் போனால் குடும்ப வன்முறை அறிக்கையை அவரே எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வேலூர் மாவட்டத்தார் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத் துறையைக் கேளுங்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அரக்கோணம், வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குத் திருப்பத்தூர். ஆனால் நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஆம்பூரில் வாழ்ந்தவர் குடியாத்தத்தில் அக்கா வீட்டில் இருந்தால், மனுவைக் குடியாத்தத்தில் போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

மனுவில் பலர் கேட்க மறப்பது: 18ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போது பிள்ளையின் பள்ளிக்கும் அவர் வரக் கூடாது என்று பள்ளியின் பேரோடு கேளுங்கள். 21ஆம் பிரிவில் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பைக் கேளுங்கள். 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். மனு போட்ட 3 நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிவு என்று சட்டம் சொன்னாலும் நோட்டீஸ் சேர்வதிலேயே மாதங்கள் ஓடும். இடைக்கால உத்தரவு இருந்தால் அந்த மாதங்களைத் தாண்டிவிடலாம்.

பள்ளிக்கூடம்

கோர்ட் உத்தரவு இல்லாத வரை, அப்பா வந்து கேட்டால் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று பள்ளி சொல்வது கஷ்டம். அதனால் முதல் நாளே தலைமை ஆசிரியரைப் பார்த்து, யார் வந்தால் அனுப்பலாம், வேறு யார் வந்தாலும் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். உத்தரவு வந்ததும் அதன் நகலைச் சேருங்கள். ஊர் மாறினால் டி.சி. இல்லை என்று அரசுப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டம், 2009 அதைத் தடுக்கிறது. பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) தெரிந்தால் வேலை சுலபம்.

வெளியே வந்த பிறகு

சண்டை இல்லாத வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை ஆடித் தீர்க்கும். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வருவது நல்ல அறிகுறி, பார்க்கத்தான் பயமாக இருக்கும். "அப்பாகிட்ட போகணும்" என்று அழும். அழட்டும். "அப்பாவ நெனச்சா ஏக்கமா இருக்கு, இல்ல?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கோபத்தில் வாயில் வரும் "அப்பன மாதிரியே இருக்க" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். பையன்கள் அதைச் சாபமாகவே எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் ஒரே நேரத்தில் நடக்கட்டும். படுக்கையை நனைத்தால் திட்டாமல் துணியை மாற்றிப் படுக்க வையுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமின்மை, பள்ளி மறுப்பு, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவது தொடர்ந்தால் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. "செத்துப்போகலாம்னு இருக்கு" என்று பிள்ளை சொன்னால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழில் 24 மணி நேரமும் இலவசம்.

அப்பா பிள்ளையைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொன்னால், இடமும் நேரமும் உத்தரவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொது இடமாக இருக்கட்டும், நீங்கள் தனியே போகாதீர்கள். திரும்பி வந்த பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், உங்கள் புது முகவரியைச் சொல்லாதே என்று அதன்மேல் பாரம் ஏற்றாதீர்கள். பாதுகாப்பு உத்தரவை மீறி அவர் வீட்டுக்கோ பள்ளிக்கோ வந்தால் அது தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்பதால் போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காது. உத்தரவின் நகல் ஒன்று உங்கள் பையில், ஒன்று பள்ளியில், ஒன்று அந்தப் பகுதி ஸ்டேஷனில், போட்டோ ஒன்று போனில் இருக்க வேண்டும். ரோந்து வந்த போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.