சேலத்துப் பிள்ளைகள் சீர்திருத்த வரலாற்றில் சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்பு ப்ராஜெக்ட் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், வருடம் தவறாமல் ஒரு வரி கண்ணில் படும்: "1944-இல் பெரியார் சேலத்தில் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார்." ஊர் சரி, வருடமும் சரி. நடந்தது மட்டும் வேறு.

சுயமரியாதை இயக்கம் 1925-லேயே தொடங்கிவிட்டது. அது தேர்தலில் நின்ற கட்சி அல்ல. சாதி, சடங்கு, பெண்ணடிமை பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிய இயக்கம். நீதிக்கட்சி அதற்கும் மூத்தது. 1916-இல் தோன்றித் தேர்தலில் வென்று ஆட்சி நடத்தி, அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை கொண்டுவந்த கட்சி அது. 1937 தேர்தலில் படுதோல்வி கண்டது. அடுத்த ஆண்டு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறையிலிருந்த பெரியாரைத் தலைவராக்கியது.

அப்புறம்தான் நம்ம ஊர் வருகிறது. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆங்கில அரசு தந்த சர், ராவ் பகதூர் போன்ற பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் உறுப்பினர்கள் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரை தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது. ஜமீன்தார்களும் பட்டக்காரர்களும் நிறைந்திருந்த கட்சியைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோக அதுதான் வழி. எல்லாரும் ஏற்கவில்லை, பி.டி. ராஜன் தரப்பு பழைய பெயரிலேயே தொடர்ந்தது. இந்தப் பிளவை எழுதும் மாணவருக்கு நான் தயங்காமல் கூடுதல் மதிப்பெண் போடுவேன். தி.மு.க. பிறந்ததும் சேலத்தில்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது 1949, சென்னை.

இன்னொரு தவறு மாவட்டப் படத்தால் வருவது. பழைய ஆவணத்தில் 'சேலம் ஜில்லா' என்றால் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள் அடங்கும். தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும்தான் பிரிந்தன. சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்த வரதராஜுலு நாயுடு ராசிபுரத்தில் பிறந்தவர். ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்த புதுப்பாளையம் திருச்செங்கோட்டுப் பக்கம். "இவையெல்லாம் நாமக்கல்தானே" என்று விட்டுவிட்டால் நம் மாவட்டத்தின் பாதிக் கதை போய்விடும்.

ராஜாஜியைப் பற்றி எழுதும்போது பிள்ளைகள் ஒரே நிறத்தில் பூசிவிடுகிறார்கள். சென்னை மாகாணப் பிரதமராக, முழு மதுவிலக்கை 1937 அக்டோபர் 1 அன்று முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். அதனால் விழுந்த வருமானத் துண்டை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்ததும் அதே அரசு. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அதே அரசு. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

கடைசியாக, சட்டம் வந்த வருடத்தையே மாற்றம் தொடங்கிய வருடமாக எழுதுவது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டமோ 1920-களிலேயே தொடங்கியது. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான். சட்டம் 1967-இல் நிறைவேறியது, திருமணங்கள் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பிருந்தே நடந்தன.

அம்மாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவன் தன் தாத்தா பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தான். புரோகிதர் இல்லாத திருமணம், 1961. "அப்படின்னா இது செல்லாதா சார்?" என்று கவலையோடு கேட்டான். 1950-களில் இப்படி ஒரு திருமணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது உண்மைதான். ஆனால் 1967 சட்டம் முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்தே செல்லும் என்றாக்கிவிட்டது என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. அந்தப் பத்திரிகையின் ஜெராக்ஸை நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னேன்.