நைலான் கைப்பிடியில் ரப்பர் உரியாமல் ஓவர்மோல்டு செய்வது எப்படி

ஒரு பிளாஸ்டிக் பீஸின் மேல் இன்னொரு மெட்டீரியலை மோல்டில் வார்த்து ஒட்டவைப்பதுதான் ஓவர்மோல்டு. டிரில் மிஷின் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான்-6, மேலே மெத்தென்ற டிபிஇ (தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்). ஷாப்பில் இதை ரப்பர் என்போம். ஆனால் இது வல்கனைஸ் ஆகும் ரப்பர் அல்ல, உருக்கி வார்த்தால் ஆறி இறுகும் எலாஸ்டோமர். இரண்டு மெட்டீரியலையும் அடுத்தடுத்து அடிக்கும் டூ-ஷாட் மிஷின் எல்லோரிடமும் இருக்காது என்பதால், நைலானைத் தனியாக அடித்து (அதாவது உருக்கி மோல்டில் செலுத்தி), கையால் இரண்டாவது மோல்டில் வைத்து ரப்பர் அடிக்கும் முறைக்கே இங்கே விவரம்.

முதலில் டிபிஇ மூட்டையில் என்ன கிரேடு என்று பாருங்கள். எஸ்இபிஎஸ் (ஸ்டைரீன் அடிப்படையிலான எலாஸ்டோமர்) வகை சாதா டிபிஇ, பாலிப்ரோப்பிலீனோடு தானாகவே ஒட்டும். அதன் கலவையிலேயே பாலிப்ரோப்பிலீன் இருக்கிறது. அதையே நைலான் மேல் அடித்தால், ஆறியதும் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வரும். சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை. நைலானோடு ஒட்டுவதற்கென்றே மாற்றிய கிரேடைக் கேட்டு வாங்குங்கள். ஏபிஎஸ், பாலிகார்பனேட்டுக்கு வேறு கிரேடு, அல்லது டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்). அடிப் பீஸ் அசிட்டால் (வழுவழுப்பான ஒரு பிளாஸ்டிக்) என்றால் ஒட்டுதலை நம்பாமல் துளையும் பள்ளமும் வைத்துப் பூட்டுவதுதான் வழி.

நைலான் பக்கமும் கவனம் வேண்டும். ஹீட் ஸ்டெபிலைசர், லூப்ரிகன்ட், இம்பாக்ட் மாடிஃபையர் போன்ற சேர்மானங்கள் கலந்த கிரேடுகளில் பிடிப்பு குறையலாம். சப்ளையரோ கிரேடோ மாறினால், பெயர் அதே நைலான்-6 ஆக இருந்தாலும் ஒட்டுதலைப் புதிதாகச் சோதியுங்கள்.

இரண்டு மெட்டீரியலையும் உலர்த்த வேண்டும். நைலானில் ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வர, டீஹியூமிடிஃபையர் ட்ரையரில் 80 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம். நைலானுக்கான டிபிஇயும் ஈரம் இழுக்கும். அதற்கு 80 டிகிரியில் 3 மணி நேரம். பலர் கோட்டை விடுவது அதற்குப் பிறகு: அடித்து வைத்த நைலான் பீஸ் பெட்டியில் திறந்து கிடந்தால் மறுபடி ஈரத்தைக் குடிக்கிறது. சூடான ரப்பர் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி இடையில் நிற்கும். அதே ஷிப்டில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஃபாயில் பையில் போட்டுச் சீல் வையுங்கள்.

சிலிகான் ஸ்ப்ரே இரண்டு மோல்டுகளின் பக்கமும் வரக் கூடாது. பீஸைத் தொடுபவருக்குச் சுத்தமான காட்டன் கையுறை. விரல் எண்ணெய் பட்ட இடம், உரித்துப் பார்க்கும்போது ரேகையோடு பளிச்சென்று தெரியும்.

மோல்டில் வைப்பதற்கு முன் பீஸை 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஓவனிலிருந்து எடுத்து 20, 30 விநாடிக்குள் மோல்டு மூட வேண்டும். ஒரே தட்டில் ஐம்பது பீஸை வெளியே எடுத்து அடுக்கி வைத்தால் சூடாக்கியதே வீண். டிபிஇ உருகு வெப்பநிலை பொதுவாக 250–280 டிகிரி (கிரேடு ஷீட்தான் கடைசி வார்த்தை), மோல்டு 40–60 டிகிரி. வேகமாக நிரப்புங்கள்: மெதுவாகப் போனால் உருகின் முன்முனை ஆறி, நைலான் மேல் சும்மா படிந்து நிற்கும். ஹோல்டிங் பிரஷரை (நிரம்பிய பின் கொடுக்கும் அழுத்தத்தை) மட்டும் அளவாக வையுங்கள், இல்லாவிட்டால் மோல்டு இடுக்கில் பிதுங்கி ஃபிளாஷ் கொட்டும். மிஷின் நின்றால் பேரலில் (உருக்கும் குழாயில்) தேங்கியதைப் பர்ஜ் செய்து, அதாவது வெளியே தள்ளிவிட்டே தொடருங்கள்.

டிசைனில் முக்கியம் விளிம்பு. ரப்பரைத் தாள் போல மெலியவிட்டு முடித்தால், கிரேடு எவ்வளவு நல்லதானாலும் நகம் பட்ட இடத்திலிருந்து உரியும். நைலானில் 0.5 முதல் 1 மி.மீ. ஆழப் பள்ளம் வெட்டி, ரப்பர் அதன் சுவரில் முட்டி நிற்க விடுங்கள். ரப்பர் தடிமன் 1.5 முதல் 3 மி.மீ.; 1 மி.மீ.க்குக் கீழே போனால் ஒட்டுவதற்கு முன்பே உறைந்துவிடும். நைலானைவிட ரப்பர் தடிமனாக இருந்தால் சுருங்கும்போது கைப்பிடி வளையும். உள்ளே கூடாக இருக்கும் பீஸுக்குத் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும் தாங்கு கோர் கட்டாயம், இல்லையேல் இரண்டாவது ஷாட்டின் அழுத்தத்தில் சுவர் உள்வாங்கும்.

சோதனையை அடித்த உடனே செய்யாதீர்கள். 24 மணி நேரம் விடுங்கள். ரப்பரில் 10 மி.மீ. அகலத்துக்கு இரண்டு இணைக்கீறல் போட்டு, ஒரு முனையைக் கிளப்பி 90 டிகிரியில் இழுங்கள். ரப்பரே கிழிந்து, நைலான் மேல் அதன் படலம் மிஞ்சினால் பாஸ். நைலான் வழவழவென்று சுத்தமாக வெளிப்பட்டால் பிடிப்பே இல்லை. பீஸ் முழுக்க அப்படியென்றால் கிரேடையோ ஈரத்தையோ சந்தேகியுங்கள். கேட் (ரப்பர் மோல்டுக்குள் நுழையும் வாய்) அருகே பிடித்து, கடைசி நிரம்பும் முனையில் மட்டும் உரிந்தால் சூடோ வேகமோ போதவில்லை, அல்லது அங்கே காற்று சிக்குகிறது. அந்த முனையில் 0.02 மி.மீ. வென்ட் (காற்று வெளியேறும் இடுக்கு) இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலர் மாற்றிய நாளில் தொடங்கிய உரிதல் என்றால் காரணம் மாஸ்டர்பேட்ச் (கலர் குருணை): அதன் கேரியர், அதாவது கலரைச் சுமக்கும் பிளாஸ்டிக், இந்த டிபிஇக்குப் பொருந்துமா என்று கேளுங்கள், கலர் இல்லாமல் பத்து ஷாட் அடித்து ஒப்பிடுங்கள்.